பட்டன் பெட்டி மாத்திரை

என் அக்கா புருஷனுக்கு எங்கள் தையல் கூடத்தில் மிச்சம் மாஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார், பட்டம் கொடுத்த மாதிரி சிரிப்பார். நூறு சட்டைக்கு என்று இறங்கிய துணியில் நூற்று நான்கு சட்டை வெட்டி எடுக்கிற ஆளுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். முப்பத்தொரு வருஷமாக ஒரு பெரிய கத்தரியையும் வலது கையையும் வைத்துத்தான் அவர் பிழைத்தார். கத்தரியின் மேல் வளையத்துக்குள் நுழைகிற விரல் கட்டைவிரல். அது இல்லாவிட்டால் கத்தரி இல்லை, கத்தரி இல்லாவிட்டால் மாஸ்டர் இல்லை. அந்த விரலுக்கு என்ன ஆனது, அதில் என் பங்கு என்ன என்பதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கூடம் என்பது ஒரு நீள அறை. ஒரு பக்கம் பதினாறு மெஷின், மறுபக்கம் ஜன்னலை ஒட்டி மூன்று கட்டில் நீளத்துக்கு ஒரு கட்டிங் மேசை. மாமா அந்த மேசைக்கு ராஜா. மேசையின் கோடியில் நான், செக்கிங். தைத்து வந்த சட்டையைத் திருப்பிப் போட்டு, தொங்குகிற நூலை வெட்டி, பட்டன் எல்லாம் ஒரே ரகமா என்று பார்ப்பது என் வேலை. வெள்ளைப் பட்டன் என்றால் வெள்ளைதானே என்று நினைக்காதீர்கள். பால் வெள்ளை, முத்து வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, மஞ்சள் தட்டின வெள்ளை என்று எங்கள் கணக்கில் ஏழு வெள்ளை உண்டு. ஏழையும் நான் கண்ணாலேயே பிரிப்பேன். மாமாவும் பிரிப்பார். ஒரு பட்டன் அறுந்துவிட்டால் அதே ஜோடியைத் தேடி எடுத்துக் கொடுக்க எங்கள் இரண்டு பேரை விட்டால் அந்தக் கூடத்தில் வேறு ஆள் கிடையாது. அந்தத் திமிர் எங்களுக்கு நிறையவே இருந்தது.

மிஞ்சின பட்டன்களுக்காக மாமா ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே இருபத்துநான்கு சின்னச் சின்ன அறைகள். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே மேல் வரிசை அறைகளில் பட்டன் இல்லை, மாத்திரை இருந்தது. யாருக்காவது தொண்டை புண்ணாகி டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்திருப்பார். மூன்றாம் நாள் தொண்டை சரியாகிவிடும். மீதி நான்கு நாள் மாத்திரை மாஸ்டர் பெட்டிக்கு வந்துவிடும். மெஷின்காரர்கள், இஸ்திரிக்காரர், கூட்டிப் பெருக்குகிற அம்மா எல்லோரும் கொண்டுவந்து கொடுப்பார்கள், எல்லோரும் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

அட்டையை அப்படியே போட்டால் அறைக்குள் உட்காராது. அதனால் மாமா ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக வெட்டுவார். வெட்டினதோடு விடமாட்டார். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற தாளைச் சுற்றிவர நறுக்கி, பட்டன் மாதிரி ஆக்கித்தான் போடுவார். பிசிறு இருந்தால் அவருக்குக் கை அரிக்கும். மருந்தின் பெயர், கெட்டுப்போகிற தேதி எல்லாம் அந்தப் பிசிறோடு போய்விடும். நிறம் பார்த்து, நீளம் பார்த்து, நடுவில் கோடு இருக்கிறதா என்று பார்த்து, எந்த அறை என்று முடிவு செய்வார். நாங்கள் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்து மெச்சிக்கொண்டோம்.

நானும் அந்தப் பெட்டியில் கை வைத்தவள்தான். போன வருஷம் பல் வலித்தபோது சிவப்பு கேப்சூல் இரண்டு கொடுத்தார். வலி நின்றது. மூன்று மாசம் கழித்துக் கன்னம் வீங்கித் திரும்ப வந்தது. நின்றதைப் பற்றிக் கூடம் முழுக்கச் சொன்னேன். திரும்ப வந்ததைப் பற்றி ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் எங்களுக்கு உயிர் போகிற சமயம். மூன்று பள்ளிக்கு யூனிஃபார்ம். மேசையில் துணி அடுக்கடுக்காக ஏறிவிடும். அந்த வாரம் பார்த்து மாமாவின் பழைய கத்தரியின் ஆணி கழன்றுபோனது. முதலாளி புதுசு வாங்கிக் கொடுத்தார். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி புதுக் கத்தரியும் கடிக்கும். வளையம் பட்ட இடத்தில், கட்டைவிரலின் அடியில் ஒரு கொப்புளம் கிளம்பியது. மாமா அதை ஊசியால் குத்திவிட்டு, மேலே ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். நாலாம் நாள் விரல் பழுத்த மாதிரி வீங்கி, மணிக்கட்டைப் பார்த்து ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. காலையில் வீட்டில் அக்காதான் முதலில் அதைப் பார்த்தாள், மாமா அவளிடமிருந்து நழுவி வேலைக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் பேனா பென்சில் விற்கிறவள், கடையை அப்படியே மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"என்னங்க, கத்தரியக் கீழ வைங்க. இப்ப நடக்குறீங்களா, இல்ல இழுத்துக்கிட்டுப் போகணுமா?"

"இந்த ரெண்டு அடுக்கு முடிச்சிட்டு..."

"அடுக்கு எங்கயும் ஓடாது. கை ஓடிடும்."

அந்த வார்த்தையை அவள் கோபத்தில் சொன்னாள். அதை நினைத்து நினைத்துப் பிறகு அழுதாள்.

கடையை ரொம்ப நேரம் மூடி வைக்க முடியாது என்பதால் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனது நான். டாக்டரம்மாவுக்கு மாமாவை விடப் பத்து வயசு குறைவாக இருக்கும். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குத்தி உடைச்சீங்களா?"

"லேசா, ஊசியால."

"எந்த ஊசி?"

மாமா சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார். அங்கே எப்போதும் இரண்டு ஊசி குத்தியிருக்கும். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். இதற்கு முன்னால் எந்த மாத்திரைக்காவது உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, இப்போது வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"சரி, கவனமாக் கேட்டுக்கோங்க. இது கிருமியக் கொல்ற மாத்திரை. காலையில எட்டு மணிக்கு ஒண்ணு, ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணு. சாப்பிட்டுட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட. ஏழு நாள், பதினாலு மாத்திரை. நடுவுல வலி போயிடும், வீக்கம் வத்திடும். போயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. மிச்சமே இருக்கக் கூடாது."

கடைசி வார்த்தைக்கு நான் சிரித்துவிட்டேன். மாமா என்னை முறைத்தார். டாக்டரம்மா பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரைக்கும் வந்திருக்கிறதோ அதன் ஓரமாகவே மணிக்கட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டத் தாண்டிச் சிவப்பு வந்தா அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஜுரம், குளிரு, உடம்புல தடிப்பு, எது வந்தாலும் அப்படித்தான். ஒண்ணும் வராட்டியும் புதன்கிழமை என்கிட்ட வந்து காட்டணும்."

"கோடு போட்டா அது மேல வெட்டித்தான் டாக்டர் நமக்குப் பழக்கம்," என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

மருந்துக்கடையில் நின்றபோதே மாமாவின் கண் மின்னியது. அந்த மின்னல் எனக்குத் தெரியும். பேட்டர்ன் அட்டையை இப்படித் திருப்பி வைத்தால் இன்னொரு காலர் கிடைக்குமே என்று கண்டுபிடிக்கிறபோது வருவது. கடைக்காரர் எடுத்து வைத்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளை, நீட்டு, நடுவில் கோடு.

"நாலு மட்டும் வெட்டிக் குடுங்க, போதும். மீதி நம்மகிட்ட இருக்கு."

"இதே மருந்தா? பேரப் பாத்தீங்களா?"

"முப்பது வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பேரு முக்கியம் சார். இருக்கிறதக் கொண்டாந்து ஒரு தடவ காட்டிடுங்க."

"ஆகட்டும், ஆகட்டும்," என்று மாமா நடையைக் கட்டினார். நானும் பின்னாலேயே போனேன். ஆனது ஒன்றும் கிடையாது.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம். மெஷின் சத்தம் நின்றிருந்தது. மாமா கட்டிங் மேசையில் கறுப்பு லைனிங் துணியை விரித்தார். வெள்ளையைப் பிரித்துப் பார்க்கக் கறுப்பு மேல்தான் வைப்போம். மருந்துக்கடை மாத்திரையை நடுவில் வைத்தார். பெட்டியிலிருந்த வெள்ளை நீட்டு மாத்திரைகளை அதன் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினார். இஞ்ச் டேப் எடுத்து அளந்துகூடப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சின்னவளே, நீ பாரு. செக்கிங் நீதானே."

நான் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்தேன். குனிந்து பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன் என்று நினைக்கிறேன், அவ்வளவு சிரத்தை. ஒரு மாத்திரையை விரலால் ஒதுக்கினேன்.

"இது வேண்டாம் மாமா. மஞ்சள் தட்டுது."

"மத்தது?"

"மத்ததெல்லாம் ஒண்ணுதான்."

"அதான பாத்தேன். என் மச்சினி கண்ணுன்னா கண்ணுதான்." பத்தை எண்ணி ஒரு காகித உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மிச்சமே இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை, மிச்சத்தை வைத்தே நிறைவேற்றிவிட்டதில் அவருக்கு ஒரே குஷி. எனக்கும்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஏமாளிகளைப் பற்றிச் சின்ன வயசிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். ஏழு வெள்ளை தெரிந்த நான் அதில் சேர்த்தி இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமா அந்த வாரம் டாக்டர் சொன்னதை ஒரு நிமிஷம்கூடத் தவறவிடவில்லை. எட்டு மணி என்றால் எட்டு மணி. வயிற்றுக்குச் சாப்பாடு, டம்ளர் நிறையத் தண்ணீர். அக்கா கடையிலிருந்து ஃபோன் போட்டு, "மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டால், "போட்டாச்சு, போட்டாச்சு, பெரிய முள்ளு பன்னண்டத் தொடுறப்பவே போட்டாச்சு," என்பார். அது பொய்யே இல்லை.

கடை மாத்திரை நான்கும் புதன்கிழமை காலையோடு தீர்ந்தன. அதற்குள் வீக்கம் பாதி வற்றியிருந்தது. விரலை மடக்க முடிந்தது. அன்று போய் டாக்டரம்மாவிடம் காட்டியிருக்க வேண்டும்.

"நல்லாயிடுச்சு. நல்லா இருக்கிறதக் காட்டி எதுக்கு அவங்க நேரத்தக் கெடுக்கணும்? யூனிஃபார்ம் நிக்குது பாரு," என்றார்.

நான் சரி என்றேன். எனக்கும் சட்டை மலையாகக் குவிந்து கிடந்தது.

புதன் ராத்திரியிலிருந்து காகித உறை மாத்திரை. வியாழக்கிழமை ஜுரம் இல்லை. வலி இன்னும் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மாத்திரை போட்டு நாலைந்து மணி நேரம் வரைக்கும் குறைந்திருக்கும், அதன் பிறகு முகம் கறுத்து, பேச்சு நின்றுபோகும். மறுபடி எட்டு மணிக்குப் போட்டதும் சிரிப்பு வரும். மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

அன்றைக்குக் கை கழுவிக் கழுவி டாக்டரம்மா போட்ட பேனாக் கோடு அழிந்துவிட்டிருந்தது. மாமா துணியில் கோடு போடுகிற மார்க்கிங் சாக்கை எடுத்தார். நீலச் சாக். இருந்த இடத்தில் போடவில்லை, கொஞ்சம் தள்ளி முழங்கைப் பக்கமாகப் போட்டார்.

"அங்க இல்லையே மாமா. இன்னும் கீழ இருந்துச்சே."

"தையலுக்கு அரை இஞ்ச் விட வேண்டாமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து மெஷினில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் வரை அந்த ஜோக் கூடத்தில் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை நான் வந்தபோது அவர் கையில் இரண்டு நீலக் கோடு இருந்தது. இரண்டாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். என் பார்வை அங்கே போனதும் அவர் சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டுக்கொண்டார். வேலை நேரத்தில் அவர் கையை இறக்கிவிட்டு நான் பார்த்ததே இல்லை.

"மாமா, டாக்டரு கோடுன்னு சொன்னாங்களே..."

"மாத்திர ஓடிக்கிட்டு இருக்குடி. ஏழு நாளு முடியட்டும்னுதான அவங்க சொன்னாங்க? நாலு நாளுதான் ஆச்சு. அவசரப்படாத."

ஏழு நாள் என்று சொன்னதை அவர் அப்படிப் புரிந்துகொண்டார். அக்காவுக்கு ஃபோன் போடலாம் என்று எழுந்தேன். உடனே அந்தக் கறுப்புத் துணி ஞாபகம் வந்தது. அக்கா வந்தால் கேட்பாள், என்ன மாத்திரை, எங்கே அட்டை, யார் பார்த்தது என்று. நான் மறுபடி உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்துத் திருப்பினேன். உள்ளங்கைப் புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். கண்ணே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இன்றுவரை அந்த ஒரு உட்கார்தலுக்காக என்னை மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணி. கத்தரி துணியில் ஓடுகிற சத்தம் ஒரு தாளத்தில் வரும், அது எங்கள் எல்லோர் காதிலும் ஊறிப்போன ஒன்று. அது திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கத்தரி மேசையில் கிடந்தது. எட்டு அடுக்குத் துணி, தோள்பட்டையில் வளைய வேண்டிய வெட்டு நேராகப் போய்க் கழுத்தை அறுத்திருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தப்பு வெட்டு. மாமா அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த துணியை நான் அவிழ்த்தேன். நகத்துக்குக் கீழே தோல் கறுத்திருந்தது. ஒரு வாடை வந்தது. மூட்டை கட்டி மறந்துபோன ஈரத் துணியின் வாடை.

"வலிக்குதா மாமா?"

"இல்ல," என்றார். "அதான் பயமா இருக்கு."

முதலாளி வண்டி கொடுத்தார். அக்கா வழியிலேயே ஏறிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் சட்டைக் கையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஒரு நீலக் கோடு இருந்தது, முழங்கைக்கு மேலே. யாரிடமும் சொல்லாமல் போட்டுக்கொண்டது. சிவப்பு அதையும் தொட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர்கள் இரண்டு பேர் கேட்ட முதல் கேள்வி, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதுதான். அக்கா டாக்டரம்மாவின் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இதையா சாப்பிட்டார்? அஞ்சு நாளா? முழுசா?"

"ஆமா டாக்டர். ஒரு வேள விடல," என்றாள் அக்கா. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். பட்டன் பெட்டி மாத்திரை என்று மட்டும் சொன்னேன். கூடத்துக்குப் போய்ப் பட்டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்த பெண் பெட்டியைத் திறந்து, மாமாவின் சட்டைப் பை உறையில் மீந்த மாத்திரைகளையும் அந்த அறையில் கிடந்தவற்றையும் வெள்ளைத் தாளில் கொட்டினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பெயர் இல்லை. சுத்தமாக, வட்டமாக, பிசிறே இல்லாமல் நறுக்கியிருந்தது.

"யாரு இப்படி வெட்டினது?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

அட்டையின் பின்பக்கக் கோடுகளை வைத்து அவளால் சிலதைச் சொல்ல முடிந்தது. பாதிக்கு மேல் சாதாரண ஜுர மாத்திரை. வலியையும் ஜுரத்தையும் அமுக்கி வைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. இரண்டு வேறு ஏதோ தொற்றுக்கான பழைய மாத்திரை. மீதி என்னவென்று தன்னாலேயே சொல்ல முடியாது என்றாள்.

"வெள்ளையா, நீட்டமா இருக்கிற மாத்திர எங்க அலமாரியிலேயே நூறு இருக்குங்க. பாத்துச் சொல்லிட முடியும்னா நாங்க எதுக்குப் பேரு ஒட்டப் போறோம்?"

அன்றைக்கே விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். ரத்தத்தில் ஊசி வழியாக மருந்து ஏறியது. சீழைச் சோதனைக்கு அனுப்பினார்கள், எந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கும் என்று பார்க்க. முடிவு வர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. வந்த தாளில் மருந்துப் பெயர் வரிசையாக இருந்தது. டாக்டர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இது கேக்காது. இதுவும் கேக்காது. இது கேக்காது." நாலாவதுக்கோ ஐந்தாவதுக்கோ மேல்தான் "கேக்கும்" என்றார். "அரைகுறையா மருந்து பழகின கிருமி இப்படி ஆகிடும். நல்ல வேளை, கை தப்பிக்கும்னு நினைக்கிறேன். விரலுக்குள்ள ரத்த ஓட்டம் போயிடுச்சு. அத வச்சிருந்தா கை போயிடும்."

பல் வலிக்கு நான் போட்ட இரண்டு கேப்சூல் ஞாபகம் வந்தது. கூடத்தில் ஒவ்வொருத்தரும் போட்ட இரண்டு, மூன்று ஞாபகம் வந்தது. அந்தக் கிருமி எங்கள் எல்லோர் வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்ததோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாமாவைக் கேட்டாள். கத்தவில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுன்னு யாருங்க சொன்னது?"

மாமா என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான்," என்றார். "என் கண்ணு மேல நம்பிக்க."

நான் அங்கேயேதான் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை அறுவைக்காரர் வந்தார். மாமாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊதா மார்க்கரால் கட்டைவிரலின் அடியில் ஒரு கோடு வரைந்தார். நேர்க்கோடு இல்லை, ஒரு பக்கம் நாக்கு மாதிரி வளைந்து இறங்கியது. மாமா தலையைத் தூக்கி அந்த வளைவைப் பார்த்தார். மற்றவர்கள் வெட்டின துணியைப் பார்க்கிற அதே பார்வை.

"இந்தப் பக்கம் ஏன் இறங்குது?"

"அந்தத் தோல மடிச்சுப் போட்டு மூடித் தைக்கணும்," என்றார் அறுவைக்காரர்.

"ஆங்." மாமா தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். "தையலுக்கு விட்டுத்தான் போட்டிருக்கீங்க. சரியாத்தான் இருக்கு."

அக்கா வெளியே ஓடிவிட்டாள். நான் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறவரைக்கும் விடவில்லை.

கை தப்பியது. நான்கு விரலோடு.

எட்டாம் நாள் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். காலை எட்டு மணிக்கு நர்ஸ் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு மாத்திரை கொண்டுவந்து வைத்தாள். வெள்ளை, நீட்டு, நடுவில் கோடு. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

"அட்டையக் காட்டுங்கம்மா," என்றார்.

"இது உங்களோடதுதான். டாக்டர் எழுதினது."

"இருக்கும். பேரு போட்ட அட்டையக் காட்டுங்க."

நர்ஸ் முகம் சுளித்தாலும் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா இடது கையால் அதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். தேதியைப் படித்தார். மெத்தையில் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்து அதிலும் அந்தப் பெயரைத் தேடிப் படித்தார். பிறகு அட்டையை என்னிடம் நீட்டினார்.

"சின்னவளே, நீயும் ஒரு தடவ பாரு. செக்கிங் நீதானே."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற பழைய குரல்தான். அட்டை என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.

"அக்கா," என்றேன். "ஒண்ணுன்னு சொன்னது நான். கறுப்புத் துணியில வச்சு, ஒண்ணு ஒண்ணாப் பாத்து, நான்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோடு ஏறினதும் எனக்குத் தெரியும். உனக்கு ஃபோன் பண்ண எந்திரிச்சிட்டு உக்காந்துட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் குனிந்து அட்டையை எடுத்து, புடவை முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தாள். கூஜாவிலிருந்து டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

"பேரச் சத்தமாப் படி," என்றாள். "படிச்சிட்டுக் குடு. மணி எட்டாச்சு."